ஆறு மணிக்கு மேல் நெட் வராத வீடு

பர்கூருக்கும் ஜெகதேவிக்கும் நடுவில், சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி ஒரு வீடு. ஃபைபர் இணைப்பு, 100 எம்பிபிஎஸ் பிளான், மாதம் தவறாமல் பணம் கட்டுகிறார்கள். பகலில் பெரிதாகக் குறை இல்லை. சாயங்காலம் ஆறு, ஆறரை ஆனால் போதும்: வீடியோ கால் அப்படியே நின்றுபோகும், கேமரா ஆஃப்லைன் என்று காட்டும், கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும், மறுபடி போகும். ஆவணியில் லேசாக ஆரம்பித்தது ஐப்பசி மழையில் பொறுக்க முடியாத அளவுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவை இதில் இல்லை.

வீட்டின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பக்கம் தாத்தா காலத்துக் கட்டடம், ஒன்றரை அடி கனத்துக்குக் கருங்கல் சுவர். குவாரிகள் சூழ்ந்த பகுதி என்பதால் இங்கே பழைய வீடுகள் பலவற்றில் கல்தான் சுவர். பின்னால் பிற்பாடு சேர்த்த காங்கிரீட் கட்டடம், அதன் மேல் ஒரு மாடி அறை. அந்த அறையில்தான் பெரிய மகளின் அலுவலகம். பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். வெளிநாட்டுக்காரர்களோடு பேச வேண்டியிருப்பதால் அவளுடைய மீட்டிங் எல்லாமே இருட்டிய பிறகுதான். தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான். அப்பாவுக்கு மாந்தோப்பு, வாசலில் இரண்டு கேமரா. ஆயாவுக்கு ராத்திரி சீரியல், அதுவும் இப்போது நெட்டில்தான் வருகிறது. ஃபைபர் பெட்டி முன்கட்டில், டிவிக்குப் பின்னால், பீரோவை ஒட்டிய அலமாரியில் உட்கார்ந்திருந்தது. கேபிள்காரருக்கு ஒயர் இழுக்க அதுதான் கிட்ட.

நான் போவதற்கு முன்பே இவர்கள் நிறையச் செய்து பார்த்திருந்தார்கள். முதலில் பிளானை 50-லிருந்து 100-க்கு ஏற்றினார்கள். மாடி அறைக்கு, வைஃபை சிக்னலை வாங்கி மேலும் தள்ளிக் கொடுக்கும் எக்ஸ்டெண்டர் ஒன்றை வாங்கி மாட்டினார்கள். தம்பி தன் பங்குக்கு, பழைய இணைப்போடு வந்து பரணில் கிடந்த ரூட்டரை எடுத்துத் துடைத்து, ஃபைபர் பெட்டியோடு ஒரு ஒயரால் இணைத்துத் திண்ணைப் பக்கம் வைத்திருந்தான். எதற்கும் தீராமல், நாலு ஆன்டெனா வைத்த புது ரூட்டர் ஒன்றை வாங்க எல்லோரும் மனசளவில் தயாராகிவிட்டார்கள்.

கேபிள்காரரும் சும்மா இருக்கவில்லை, கூப்பிட்டபோதெல்லாம் வந்திருக்கிறார். வருவது பகல் பதினோரு மணி வாக்கில். வேகத்தைப் பார்ப்பார், எல்லாம் ஒழுங்காக இருக்கும். "சாயங்காலம் ஆனா ஊரே நெட் பாக்குதும்மா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இந்தப் பதிலைக் குறை சொல்ல முடியாது. ஒரே லைனைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும்போது மாலையில் வேகம் குறைவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். பொதுவாக உண்மையான பதில் என்பதால்தான் இந்த வீட்டுக்கு அது பொருந்துகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

நான் முதலில் கேட்டது கேமராவின் செயலியைத்தான். அதில் கேமரா எப்போதெல்லாம் ஆஃப்லைன் ஆனது என்ற பட்டியல் இருக்கும். திறந்து பார்த்தால் ராத்திரி பதினொன்றரை, ஒன்றே முக்கால், விடிகாலை நாலு என்று வரிசையாக அறிவிப்புகள். காலை ஆறுக்கு மேல் ஒன்றுமில்லை. விடிகாலை நாலு மணிக்கு ஊரே நெட் பார்க்காது. ஆக, கூட்டத்தால் வருகிற கோளாறு இல்லை. இருட்டியதும் தொடங்கி விடிந்ததும் முடிகிற ஏதோ ஒன்று.

எந்தத் துண்டில் கோளாறு

'நெட் வரல' என்று வீட்டில் எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் இணைப்பு பல துண்டுகளாக வருகிறது. கேபிள்காரரின் அறையிலிருந்து வீடு வரை ஃபைபர், அப்புறம் அந்தப் பெட்டி, பெட்டியிலிருந்து போனுக்குக் காற்று வழி. போனில் தெரிகிற வைஃபை கோடுகள் கடைசித் துண்டை மட்டும்தான் காட்டும். ஃபைபர் அறுந்தே போனாலும் கோடுகள் நிறைந்தே இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ரூட்டர் மேல் ரூட்டராக வாங்குகிற வீடுகள் ஏராளம்.

துண்டைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு லேப்டாப்பை ஒயர் வழியாகப் பெட்டியில் செருகிக்கொண்டேன். வைஃபையை அணைத்துவிட்டேன். கட்டளை தட்டும் இரண்டு கருப்புத் திரைகளைத் திறந்து, ஒன்றில் பெட்டியின் சொந்த முகவரியான 192.168.1.1-க்கும், இன்னொன்றில் வெளியே கூகுளின் 8.8.8.8-க்கும் பிங் ஓட விட்டேன், அதாவது 'இருக்கிறாயா' என்று விடாமல் கேட்டுப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. முதலாவது நின்றால் கோளாறு பெட்டியில் அல்லது ஒயரில். முதலாவது ஓடிக்கொண்டிருக்க இரண்டாவது மட்டும் நின்றால் பெட்டிக்கு வெளியே. இரண்டும் ஓடிக்கொண்டிருக்க, மாடியில் மட்டும் கால் நின்றால் காற்று வழியில்.

அதோடு பெட்டியின் அமைப்புகளைக் காட்டும் அட்மின் பக்கத்தையும் திறந்து வைத்தேன். ஃபைபர் பெட்டிகளில் பெரும்பாலும் ஒளியின் அளவைக் காட்டும் ஒரு பக்கம் இருக்கும், வந்து சேர்கிற ஒளி எத்தனை டிபிஎம் (ஒளியின் வலுவை டெசிபலில் சொல்லும் அளவு) என்று. எண் மைனஸில் இருக்கும், மைனஸ் கூடக் கூட ஒளி குறைவு என்று பொருள். வீட்டு ஃபைபரில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில், சாதாரணப் பெட்டி மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் இடையில் வேலை செய்யும். 27-ஐத் தாண்டினால் பெட்டிக்குக் கண் தெரியாது. மூன்று டெசிபல் இறங்கினாலே ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். அன்று மாலை ஐந்து மணிக்கு அங்கே மைனஸ் 24 காட்டியது. வேலை செய்யும், ஆனால் கையில் மிச்சம் அதிகம் இல்லை.

ஆறு மணி அடித்துக் கொஞ்ச நேரம். விளக்கு வைத்தாயிற்று. ஆயா எழுந்து வந்து, "கொசு வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே டிவிக்குப் பக்கத்து ஜன்னலை இழுத்துச் சாத்தினார். மழையில் ஊறி உப்பிய மரக் கதவு. ஒரு தடவையில் சேரவில்லை. உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளிக் கொக்கியை மாட்டினார். பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய இடத்தில், ஒளி வந்து சேரவில்லை என்று சொல்லும் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. 8.8.8.8-க்குப் போன பிங் நின்றது. 192.168.1.1 அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கொக்கியை எடுத்துவிட்டுக் கதவை ஓர் அங்குலம் திறந்தேன். சிவப்பு அணைந்தது. பெட்டி மறுபடி கேபிள்காரரின் கருவியோடு பேசி, லாகின் ஆகி, நெட் வர ஒன்றரை நிமிடம் ஆயிற்று. மறுபடி சாத்தினால் மறுபடி சிவப்பு. மகள் மாடியிலிருந்து ஓடி வந்து ஜன்னலையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணா, இதுக்கா நான் மேனேஜர்கிட்ட திட்டு வாங்கினேன்?"

நடந்தது இதுதான். தெருக் கம்பத்திலிருந்து வந்த ஃபைபர் ஒயரை, கருங்கல் சுவரில் துளை போடச் சிரமம் என்று ஜன்னல் சட்டத்தின் மூலை வழியாக உள்ளே விட்டிருக்கிறார்கள். கதவு சாத்தும்போது ஒயர் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் நசுங்கி, கூர்மையாக மடங்கியது. ஃபைபரில் ஒளி கண்ணாடி இழைக்குள்ளேயே எதிரொளித்துக்கொண்டு போகிறது. ஒரு எல்லைக்கு மேல் வளைத்தால் வளைவில் ஒளி வெளியே கசிந்துவிடும். அதிலும் பதிவிறக்கத்துக்கு வரும் 1490 நானோமீட்டர் ஒளி, பதிவேற்றத்துக்குப் போகும் 1310-ஐ விட வளைவில் அதிகம் கசியும். இழை முறியவில்லை. அதனால் கதவைத் திறந்தால் எல்லாம் பழையபடி. கதவு லேசாகச் சேர்ந்த நாளில் விட்டுவிட்டு வரும், கெட்டியாகச் சேர்ந்த நாளில் சுத்தமாகப் போகும். சித்திரை, வைகாசியில் புழுக்கம் தாங்காமல் ஜன்னலைச் சாத்துவதே இல்லை என்று அம்மா பிறகு சொன்னார். கோடையில் குறையே வராததற்கும் மழையில் கூடியதற்கும் அதுதான் காரணம். கேபிள்காரர் வருகிற பதினோரு மணிக்கு ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும்.

இரண்டாவது கசிவு ஒன்றும் இருந்தது. மீந்த ஃபைபரை டிவிக்குப் பின்னால் ஓர் ஆணியில் இறுக்கிச் சுற்றி, சணலால் கட்டி வைத்திருந்தார்கள். செம்பு ஒயரை அப்படிச் சுற்றலாம், கண்ணாடி இழையைக் கூடாது. இப்போது வரும் வளைவு தாங்கும் இழைகளுக்குக்கூட ஒரு சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே போனால் ஆபத்து, பழைய வகைக்கு மூன்று சென்டிமீட்டராவது வேண்டும். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சுற்றிவிட்டால் எந்த வகையென்று யோசிக்கவே வேண்டாம்.

மறுநாள் கேபிள்காரரே ஆளோடு வந்து சுவரில் துளை போட்டு, சின்னக் குழாய் வைத்து, ஒயரை அதன் வழியாக மாற்றினார். கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்துவிட்டார். பச்சை முனையைக் கழற்றித் துடைத்து மாட்டியதும் எண் மைனஸ் 20-க்கு வந்தது. பச்சை நிறம் என்றால் முனை எட்டு டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலம் என்றால் நேரானது. இரண்டையும் ஒன்றோடொன்று மாட்டக்கூடாது. முனையை விரலால் தொடவும் கூடாது, உள்ளே எட்டிப் பார்க்கவும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால் எரிகிறதா இல்லையா என்றே தெரியாது.

இரண்டு டிஹெச்சிபி

ஜன்னல் விஷயம் தீர்ந்ததும் வீட்டில் இனிப்பு கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரு புகார் மிச்சம் இருந்தது. அம்மாவின் போனில் அவ்வப்போது 'இணைக்கப்பட்டது, ஆனால் இன்டர்நெட் இல்லை' என்று வரும். வைஃபையை அணைத்துப் போட்டால் சில சமயம் சரியாகும், சில சமயம் ஆகாது. பகலிலும் வரும்.

இது தம்பியின் கைவண்ணம். பரணிலிருந்து எடுத்த ரூட்டரின் முகவரியும் 192.168.1.1, ஃபைபர் பெட்டியின் முகவரியும் அதே. வீட்டுக்குள் வருகிற ஒவ்வொரு போனுக்கும் முகவரி கொடுக்கும் வேலையை, அதாவது டிஹெச்சிபியை, இரண்டும் செய்துகொண்டிருந்தன. போன் 'எனக்கு முகவரி வேண்டும்' என்று கேட்டால் யார் முந்திப் பதில் சொல்கிறார்களோ அவர்கள் கொடுத்ததை வைத்துக்கொள்ளும். வெளியே போகும் வழி 192.168.1.1 என்று இரண்டுமே சொல்லும். ஆனால் அந்தப் பெயரில் எந்தப் பெட்டியிடம் போய் நிற்கிறது என்பது அதிர்ஷ்டம். பழைய ரூட்டரிடம் போய் நின்றால் அங்கே வெளியே போக வழியே கிடையாது.

பழைய ரூட்டரைச் சேர்ப்பது நல்ல யோசனைதான், சேர்த்த விதம்தான் சிக்கல். அதற்கு மூன்று காரியம் செய்ய வேண்டும். வெறும் லேப்டாப்போடு தனியாக இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்ற வேண்டும். டிஹெச்சிபியை அணைக்க வேண்டும். அப்புறம் முதன்மைப் பெட்டியிலிருந்து வரும் ஒயரை அதன் வேன் (WAN, வெளி இணைப்புக்கானது) துளையில் செருகாமல் லேன் (LAN, வீட்டுச் சாதனங்களுக்கானது) துளையில் செருக வேண்டும். சில ரூட்டர்களில் 'அக்சஸ் பாயிண்ட் மோட்' என்று ஒரே பொத்தானில் இதெல்லாம் நடந்துவிடும். உள்ளே வேறு வரிசை முகவரி வைத்து வேன் துளையில் செருகினாலும் நெட் வரும். ஆனால் வீட்டுக்குள் இன்னொரு வீடு கட்டியதுபோல ஆகி, கீழேயிருந்து மாடியில் இருக்கிற சாதனங்களைப் பார்க்க முடியாமல் போகும்.

மாடி அறை

ஃபைபர் சரி, டிஹெச்சிபி சரி. மாடியில் இன்னும் வீடியோ திக்கியது. பிங் ஓட விட்டால் வெளியே போகும்போது மட்டுமல்ல, வீட்டுப் பெட்டிக்கே 300 மில்லிசெகண்ட் வரை எடுத்தது. ஒயரில் அது ஒரு மில்லிசெகண்ட்கூட ஆகாது. சந்தேகமே இல்லை, காற்று வழிதான்.

பெட்டிக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒன்றரை அடிக் கருங்கல், ஒரு இரும்பு பீரோ, கம்பி கட்டிய காங்கிரீட் தளம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை இதைத் தாண்டிக் குற்றுயிராக மேலே போய்ச் சேர்கிறது, 5 ஜிகாஹெர்ட்ஸ் போவதே இல்லை. எக்ஸ்டெண்டரை மகளின் மேசைக்குப் பக்கத்து சாக்கெட்டில் மாட்டியிருந்தார்கள். போனில் கோடுகள் நிறைந்து தெரியும், வேகம் வராது. எக்ஸ்டெண்டருக்கும் போனுக்கும் நடுவில் சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது, எக்ஸ்டெண்டருக்கே கீழிருந்து ஒன்றும் ஒழுங்காக வந்து சேரவில்லை. எக்ஸ்டெண்டரை சிக்னல் இல்லாத இடத்தில் வைக்கக்கூடாது, இன்னும் நன்றாக வந்துகொண்டிருக்கிற பாதி வழியில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும், வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே சேனலில் (அலைவரிசையில்) செய்கிற மலிவான எக்ஸ்டெண்டரில் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். இந்த வீட்டில் பாதி வழி என்பது மாடிப்படியின் திருப்பம், அங்கே சாக்கெட்டும் இல்லை.

நாலு ஆன்டெனா ரூட்டர் வாங்கினால் தீருமா என்று அப்பா கேட்டார். தீராது. ரூட்டர் உரக்கப் பேசலாம், ஆனால் போனும் திருப்பிப் பேச வேண்டுமே, அதன் சக்தி கையளவுதான். கல்லைத் தாண்டக் காற்று வழியை நம்பாமல் ஒயர் இழுப்பதே மேல். கருங்கல் வீட்டுக்கு என் தீர்ப்பு எப்போதும் இதுதான். பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் என்று விற்கிற விலையுயர்ந்த பெட்டிகளுக்கும் நடுவில் ஒயர் இருந்தால்தான் இத்தகைய சுவர்களில் மரியாதை.

இருபது மீட்டர் சுற்றுக்கு ஒயர் தேவைப்பட்டது. ஈதர்நெட் ஒயர் நூறு மீட்டர் வரை தாங்கும், அதனால் நீளம் பிரச்சினை இல்லை. வாங்கும்போது ஒன்றை மட்டும் கேட்டு வாங்க வேண்டும்: முழுச் செம்பா என்று. அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு பூசிய ஒயர் மலிவாகக் கிடைக்கும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நுனியைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். மடக்கினால் சீக்கிரம் ஒடியும். கிருஷ்ணகிரியில் கடைக்காரரே, "வீட்டுக்குன்னா இது போதும் சார்" என்று அதைத்தான் முதலில் எடுத்துப் போட்டார்.

ஒயரை பிவிசி குழாய்க்குள் விட்டு மாடிப்படி ஓரமாக இழுத்தது வீட்டு எலெக்ட்ரீஷியன். முனைகளில் ஆர்ஜே45 என்ற எட்டுப் பின் செருகியை அழுத்திப் பொருத்தியதும் அவரே. சோதித்தால் விளக்கு எரிகிறது, நெட்டும் வருகிறது, ஆனால் வேகம் ஏறி ஏறி இறங்குகிறது. முனையைப் பார்த்தால் எட்டு இழைகளையும் ஜோடி ஜோடியாக, நிற வரிசையில் அழகாக அடுக்கியிருந்தார்: ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி. இரண்டு முனையிலும் ஒரே மாதிரிதானே, என்ன தப்பு என்றார். நியாயமான கேள்வி. மின்சாரத்துக்கு அது போதும். ஆனால் இந்த ஒயரில் மூன்றாவது பின்னும் ஆறாவது பின்னும் ஒன்றோடொன்று முறுக்கிய ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். அந்த முறுக்குதான் இரைச்சலை அடக்குகிறது. அவர் அடுக்கியதில் மூன்றாவது பச்சை ஜோடியிலிருந்தும் ஆறாவது நீல ஜோடியிலிருந்தும் வந்துவிட்டன. சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்தை நடுவில் விட்டுக் கால் பரப்பி நிற்கும். வெட்டிவிட்டுப் புதிதாக அடித்ததும் மாடியில் 94 எம்பிபிஎஸ் நிலையாக வந்தது. 100-க்கு ஏன் 94 என்றால், அந்தப் பழைய ரூட்டரின் துளைகளே 100 எம்பிபிஎஸ் வகை. தரவோடு சேர்ந்து போகும் முகவரி விவரங்களுக்குப் போவது போக மிஞ்சுவது அவ்வளவுதான். அந்த ரூட்டர் இருக்கும் வரை பிளானை 150-க்கோ 200-க்கோ ஏற்றினால் மாடிக்குப் பைசா பிரயோசனம் இல்லை.

எக்ஸ்டெண்டரைக் கழற்றிப் பெட்டியில் போட்டாயிற்று. முன்கட்டில் ஃபைபர் பெட்டியை பீரோ மறைவிலிருந்து எடுத்து, அதே சுவரில் தலைக்கு மேல் உயரத்தில் திறந்த பலகையில் வைத்தோம். ஒரு ஆணியும் ஒரு மரப்பலகையும்தான் செலவு. முன்கட்டு முழுவதுக்கும் அது எக்ஸ்டெண்டரை விட நல்லது செய்தது.

அமைப்புகள்

சேனல் மாற்றுவதைப் பற்றிப் பலர் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். இந்த வீட்டில் அதற்கு வேலையில்லை. ஸ்கேன் செய்தால் அக்கம்பக்கத்தில் வேறு ஒன்றிரண்டு வைஃபைதான். கிருஷ்ணகிரி டவுனுக்குள் அடுக்குமாடி என்றால் கதை வேறு. 2.4-இல் ஒன்றை ஒன்று இடிக்காதவை 1, 6, 11 மட்டும்தான். கீழே 1, மேலே 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் என்று நிறுத்திவிட்டேன். 5 ஜிகாஹெர்ட்ஸில் கீழே 36, மேலே 149. நடுவில் உள்ள 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ரேடார் இருக்கிறதா என்று பெட்டி முதலில் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும், ரேடார் தென்பட்டால் விலகவும் வேண்டும். மீட்டிங் நடுவே அந்த விளையாட்டு வேண்டாம்.  பழைய சில பெட்டிகளில் 149 பட்டியலிலேயே இருக்காது. இவர்களுடையதில் இருந்தது.

இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. எப்போது எதற்குத் தாவுவது என்பதைப் போனே முடிவு செய்யும். சில போன்கள் மாடிக்கு ஏறிய பிறகும் கீழ்ப் பெட்டியையே பிடித்துத் தொங்கும், அதற்கு, கீழ்ப் பெட்டியின் வைஃபை சக்தியை ஒரு படி குறைத்தது உதவியது. வாசல் கேமராக்களுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். வைஃபையைப் பூட்டும் புதிய முறையான டபிள்யூபிஏ3 என்று மட்டும் வைத்தால் அவை சேர மறுத்தன. ஆகவே டபிள்யூபிஏ2-வும் 3-உம் கலந்த நிலையில் வைத்தோம்.

பாதுகாப்பு விஷயத்தில் அப்பாவோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. வைஃபை பாஸ்வேர்டு அவருடைய போன் நம்பர். மாங்காய் சீசனில் தோப்புக்கு வருகிற வியாபாரி, வண்டி டிரைவர், எடை போடுகிறவர் எல்லோரும் அந்த நம்பரை வைத்திருக்கிறார்கள். "நம்ம ஆளுங்கதானே, என்ன திருடிடப் போறாங்க?" என்றார். திருட்டைவிட, யாரோ ஒருவர் போனில் எதையாவது செய்து அது இந்த வீட்டு இணைப்பின் பெயரில் பதிவாவதுதான் தலைவலி என்று சொன்னதும் யோசித்தார். வருகிறவர்களுக்குத் தனியாக கெஸ்ட் நெட்வொர்க், அதிலிருந்து கேமராவைப் பார்க்க முடியாது. அட்மின் பக்கத்தின் பாஸ்வேர்டு பெட்டியின் அடியில் அச்சிட்ட அதேதான் இருந்தது, மாற்றினோம். பாஸ்வேர்டு தட்டாமலே சாதனங்களைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்தோம். அதன் எட்டு இலக்க எண் பெரிதாகத் தோன்றும், ஆனால் முதல் நாலும் அடுத்த மூன்றும் தனித்தனியாகச் சரிபார்க்கப்படுவதால், கடைசி இலக்கம் வெறும் கணக்கு என்பதால், 11,000 முயற்சியில் உடைக்கலாம் என்று 2011-லேயே காட்டிவிட்டார்கள்.

இதையெல்லாம் தொடும் முன் அட்மின் பக்கங்களைப் போனில் போட்டோ எடுத்து வைத்தேன். தம்பி ஒரு தடவை ஊசியால் ரீசெட் பொத்தானை அழுத்தியதில், இணைப்பு லாகின் ஆகக் கேபிள்காரர் போட்டு வைத்திருந்த பிபிபிஓஇ பயனர் பெயர், விலான் எண் எல்லாம் அழிந்து, அவர் வரும் வரை வீடு நெட் இல்லாமல் கிடந்தது. மின்சாரத்தை நிறுத்திப் போடுவது வேறு, ரீசெட் வேறு. இது தெரியாமல் ரீசெட் அழுத்துகிறவர்கள் எல்லா வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்.

பராமரிப்பு

இந்தப் பகுதியில் ரூட்டருக்கு முதல் எதிரி தூசி. குவாரியிலும் பாலிஷ் பட்டறையிலும் கிளம்புகிற மெல்லிய கல்தூள் காற்றுத் துளைகளில் அப்பிக்கொள்ளும், பெட்டி சூடாகும், கோடையில் தானாக ரீஸ்டார்ட் ஆகும். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மாதம் ஒரு தடவை தட்டிவிட்டால் போதும், ஈரத்துணி வேண்டாம். இரண்டாவது எதிரி பல்லி. வெதுவெதுப்பாக இருப்பதால் துளை வழியே உள்ளே போய்க் குடியிருக்கும். பரணிலிருந்து வந்த ரூட்டரைத் திறந்தபோது இரண்டு முட்டைத் தோடும் காய்ந்த எச்சமும் இருந்தன. துளைமேல் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டலாம், காற்று போகும் அளவுக்கு.

மின்வெட்டுக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கினார்கள். பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்குக் குறையாமல் வாங்க வேண்டும். ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும், வழியில் உள்ள ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை என்பதால், கேபிள்காரரின் அறையில் பேட்டரி இருக்கும் வரை ஊரே இருட்டில் கிடந்தாலும் நெட் வரும். அவர் பேட்டரி தீர்ந்துவிட்டால் நம் யுபிஎஸ் என்ன செய்தாலும் வராது. மாடி ரூட்டருக்கும் தனியாக ஒன்று வேண்டும் என்பது முதல் மின்வெட்டில்தான் வீட்டாருக்கு உறைத்தது, கீழே நெட் இருந்தது, மகளின் மீட்டிங்கில் இல்லை.

ஃபைபர் பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரை, கேபிள்காரர் பக்கமிருந்தே மாற்றுவார்கள், அதைத் தொட வேண்டாம். மாடி ரூட்டருடையது நம் பொறுப்பு. தயாரித்த கம்பெனி அதற்கு அப்டேட் தருவதை நிறுத்தி நாளாகிவிட்டதால் அது ஒரு குறைதான். வெளியிலிருந்து அட்மின் பக்கத்தைத் திறக்கும் வசதியை அணைத்து வைத்திருக்கிறோம், அடுத்து பணம் செலவழிப்பதென்றால் அந்தப் பெட்டிக்குத்தான். அப்புறம், ஒளியின் அளவை மாதக் கடைசியில் பார்த்து நாள்காட்டித் தாளில் குறித்துவைக்கத் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன். மைனஸ் 20 என்பது மெல்ல 22, 23 என்று நகர்ந்தால், சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்பே கேபிள்காரரைக் கூப்பிட்டுவிடலாம். வெறுமனே 'நெட் வரல' என்பதற்கும் 'மூணு டெசிபல் இறங்கியிருக்கு' என்பதற்கும் அவரிடம் கிடைக்கிற மரியாதையே தனி.

மொத்தச் செலவு ஒயர், குழாய், யுபிஎஸ், கூலி எல்லாம் சேர்த்து, அவர்கள் வாங்கவிருந்த நாலு ஆன்டெனா ரூட்டரின் விலையை எட்டவில்லை. ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை வேகம் இன்னும் கொஞ்சம் குறைகிறது, ஒயரிலேயே 70 சுற்றில் நிற்கிற நாட்களும் உண்டு. கேபிள்காரர் சொன்ன கூட்டம் அதுதான். அதற்கு வீட்டுக்குள் மருந்தில்லை, மீட்டிங்குக்கு அந்த வேகம் தாராளம்.

தோப்புக் கொட்டகையில் ஒரு கேமரா வைக்க வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் நிலுவையில் இருக்கிறது. வீட்டிலிருந்து நூற்றைம்பது மீட்டர் இருக்கும், நடுவில் திறந்த வெளி. வீட்டு எலெக்ட்ரீஷியன் மிச்சமிருக்கும் ஈதர்நெட் ஒயரையே மரத்துக்கு மரம் கட்டி இழுத்துவிடலாம் என்கிறார். நூறு மீட்டரைத் தாண்டுவது ஒரு பக்கம், சித்திரை இடியில் அந்தச் செம்பு வழியாக மின்னல் அதிர்வு நேரே ரூட்டருக்குள் வரும் என்பது இன்னொரு பக்கம். அங்கே ஃபைபரும், ஒளிக்கும் ஈதர்நெட்டுக்கும் நடுவே மாற்றிக் கொடுக்கும் மீடியா கன்வெர்ட்டர் இரண்டு முனையிலும்தான் போக வேண்டும். தை மாதம் பூவுக்கு மருந்தடிக்கிற வேலை முடியட்டும், அப்புறம் பள்ளம் தோண்டலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.